1965–66 ஃபோர்டு மஸ்டாங் டிக்கி: பூட்டு, லாட்ச், ரிமோட் திறப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை மஸ்டாங்கின் டிக்கிப் பூட்டு மிக எளிமையானது. மூடியின் பின்விளிம்பில் ஒரு சாவித் துளை, அதற்குப் பின்னால் ஒரு தட்டையான தண்டு, தண்டின் மறுமுனையில் லாட்ச், அதாவது மூடியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிப் பொறி. லாட்ச் போய்க் கவ்வும் ஸ்ட்ரைக்கர் பின்பக்கத் தகட்டில் இருக்கிறது. பாகங்கள் குறைவு என்பதால் பழுதுபார்ப்பது சுலபம். ஆனால் இவற்றில் ஒன்று கைவிட்டாலும் வெளியிலிருந்து டிக்கியைத் திறக்க வேறு வழி கிடையாது. அதனால்தான் கீழே வரும் பதில்களில் பல இரண்டாவது வழி ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகின்றன.

வேலையைத் தொடங்கும் முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பது. இந்த மாடலில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பாயைத் தூக்கினால் நேராக டேங்கைத்தான் பார்ப்பீர்கள். கொள்ளளவு 16 அமெரிக்க கேலன், சுமார் 60 லிட்டர். பெட்ரோல் மூடி பின்பக்கத் தகட்டின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து குழாய் டிக்கிக்குள் நுழைந்து, ஒரு சிறு ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப் வழியாக டேங்கோடு சேர்கிறது. பூட்டு இருப்பது இந்தக் குழாய்க்கு நேர் மேலே.

ஆகவே தரையில் எங்கும் துளையிடாதீர்கள். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பூட்டு காத்திருக்கட்டும். டிக்கியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அது பழைய கார்களுக்கே உரிய வாடை என்று விட்டுவிடக் கூடாது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வாடை இருக்கும்வரை அந்த இடத்தில் மின்சார வேலை எதுவும் வேண்டாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

போல்ட்கள் அனைத்தும் அங்குல அளவு. லாட்ச், ஸ்ட்ரைக்கர் பக்கம் அதிகம் தேவைப்படுவது 7/16, 1/2 அங்குல சாக்கெட்டுகள். 7/16 என்பது 11.1 மில்லிமீட்டர் என்பதால் 11 மிமீ ஸ்பானர் சில நேரம் நுழைந்துவிடும். 12 மிமீ போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். இவை தவிர ஒரு நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவர், மூக்குக் குறடு, மாஸ்கிங் டேப், பென்சில், டார்ச் இருந்தால் போதும்.

சாவி திரும்புகிறது, டிக்கி திறக்கவில்லை. எங்கே கோளாறு?

சாவி எப்படித் திரும்புகிறது என்பதைக் கையால் உணர்ந்து பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாகச் சுழன்றால் தண்டு லாட்சிலிருந்து நழுவியிருக்கிறது, அல்லது முறிந்திருக்கிறது. புதிதாகச் செய்து விற்கப்படும் சிலிண்டர்களில் (சாவி நுழையும் பூட்டு உருளை) இது அதிகம் நடக்கும். தண்டு சில மில்லிமீட்டர் குட்டையாகவோ ஒல்லியாகவோ இருந்தால், முதலில் சரியாகவே வேலை செய்து, மூடி அதிர அதிரப் பின்வாங்கிவிடும். பழைய சிலிண்டரைத் தூக்கி எறியும் முன் இரண்டு தண்டுகளையும் பக்கத்தில் வைத்து நீளம், அகலம், தடிமன் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் திரும்பி, கல்லில் முட்டியது போல் நின்றால் லாட்ச் இறுக்கத்தில் இருக்கிறது. ஒருவர் மூடியைப் பூட்டுக்கு மேல் உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். பெரும்பாலும் திறந்துவிடும். டிக்கி விளிம்பைச் சுற்றிப் புது ரப்பர் பீடிங் போட்ட கார்களில் இதுதான் வழக்கமான காரணம். சாவியைப் பலங்கொண்டு முறுக்கினால் ஒன்று சாவி முறியும், இல்லையென்றால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

சாவியோடு சேர்ந்து சிலிண்டர் முழுவதுமே சுற்றினால், உள்ளே அதைப் பிடித்திருக்கும் தகட்டு கிளிப் தளர்ந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். சுற்றும் ஒவ்வொரு முறையும் துளையின் விளிம்பில் பெயின்ட் அறுபட்டு, அங்கே துரு தொடங்கும்.

சிலிண்டரைக் கழற்றி மாட்டும் முறை?

மூடியைத் திறந்து, உட்பக்கம் லாட்சைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் வெளிக்கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது பழைய இடம் தெரிய இந்தக் கோடுதான் உதவும். லாட்ச் போல்ட்களைக் கழற்றி லாட்சை எடுங்கள். தண்டின் முனை தெரியும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் கிளிப்பை மூக்குக் குறடால் பக்கவாட்டில் இழுத்து எடுத்தால் சிலிண்டரும் அதன் ரப்பர் வாஷரும் வெளிப்பக்கமாக வந்துவிடும். கிளிப் துள்ளி மூடியின் இரட்டைத் தகட்டுக்குள் விழுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. கீழே ஒரு துணியைச் செருகிக்கொண்டு இழுங்கள்.

மாட்டும்போது ரப்பர் வாஷரை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி இறங்கி லாட்சுக்குள் சொட்டும்.

மூடியை மூடும் முன் ஸ்க்ரூடிரைவர் சோதனையைச் செய்யுங்கள். மூடி திறந்திருக்கும்போதே லாட்சின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளுங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு அது மூடிய நிலைக்குப் போகும். இப்போது சாவியைத் திருப்பினால் கொக்கி முழுதாகத் துள்ளித் திறக்க வேண்டும். பத்து முறை செய்து, பத்து முறையும் திறந்தால் மட்டும் மூடியை மூடுங்கள். ரிமோட் பொருத்தினாலும், கேபிள் போட்டாலும், வெறும் கிரீஸ் தடவினாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும். தவிர்த்தால் பின் சீட்டைக் கழற்றி உள்ளே நுழைய வேண்டி வரலாம்.

லாட்சுக்கும் சிலிண்டருக்கும் எந்த மசகு?

இரண்டுக்கும் வேறு வேறு. சிலிண்டருக்குள் உலர்ந்த கிராஃபைட் தூள் அல்லது உலர்ந்துவிடும் டெஃப்லான் ஸ்ப்ரே. தூள் என்றால் ஒரு சிறு பீய்ச்சல் போதும். கிராஃபைட் போட்ட சிலிண்டரில் பிறகு எண்ணெய் விடாதீர்கள். இரண்டும் கலந்து கரும்பசையாகி, உள்ளே சாவியின் வெட்டுக்கு ஏற்ப நகரும் சிறு பின்களை ஒட்டவைத்துவிடும். டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்கள் இறுகிய பூட்டை இளக்க உதவும், ஆனால் மசகாக நீண்ட நாள் நிற்காது. அதை அடித்தால், காய்ந்த பிறகு உலர் மசகைத் தனியாகப் போடுங்கள்.

லாட்சைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கெட்டிப்பட்ட பழைய கிரீஸ் காபிக்கொட்டை நிறத்தில் கரைந்து வரும். பெட்ரோலில் கழுவ வேண்டாம். துடைத்துக் காய்ந்ததும் கொக்கி சுழலும் ரிவெட், ஸ்பிரிங் உட்காரும் இடம், ஸ்ட்ரைக்கரைத் தொடும் முகம் மூன்றிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் பட்டாணி அளவு தடவுங்கள். அதற்கு மேல் போட்டால் தூசியைப் பிடித்து வைக்கும். ஆண்டுக்கு இருமுறை செய்தால் போதும். மிச்சிகன், மின்னசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் காரை நிறுத்தி வைப்பவர்கள் பனிக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை செய்துவிடுங்கள். சிலிண்டருக்குள் தங்கிய ஈரம் உறைந்தால் பின்கள் நகராது.

கொக்கியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ரிவெட் தேய்ந்து கொக்கி தொளதொளவென்று ஆடினால் எந்தக் கிரீஸும் அதைச் சரிசெய்யாது. லாட்சையே மாற்றுங்கள்.

மூடி சரியாக உட்காரவில்லை, ஓங்கி அறைந்தால்தான் பூட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?

வரிசை முக்கியம். முதலில் கீல், பிறகு லாட்ச், கடைசியில் ஸ்ட்ரைக்கர். பலர் ஸ்ட்ரைக்கரில் தொடங்கிவிட்டு நாள் முழுக்கச் சுற்றி வருவார்கள்.

கீல் போல்ட்களைத் தளர்த்தி, மூடிக்கும் பக்கவாட்டுத் தகடுகளுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக வரும்படி வைத்து இறுக்குங்கள். லாட்ச் ஸ்ட்ரைக்கரின் நடுவில் இறங்குகிறதா என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவு ஸ்ட்ரைக்கர் மேல் வைத்து மூடியை மெல்ல இறக்குங்கள். பூட்ட வேண்டாம். தூக்கிப் பார்த்தால் லாட்ச் எந்தப் பக்கம் இடிக்கிறது என்பது தடத்தில் தெரியும். பிறகு ஸ்ட்ரைக்கரை ஏற்றி இறக்குங்கள், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஸ்ட்ரைக்கர் இறங்கினால் மூடி இறுகும், ஏறினால் தளரும்.

இறுக்கம் சரியா என்பதை அறிய ஒரு காகிதத் துண்டு போதும். பீடிங் மேல் வைத்து மூடிவிட்டு இழுத்தால், சுற்றிலும் ஒரே மாதிரி பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் தண்ணீர் உள்ளே போகும்.

புது பீடிங் என்றால் அவசரப்பட்டு ஸ்ட்ரைக்கரை ஏற்றாதீர்கள். ரப்பர் அமுங்கிப் படியச் சில வாரம் ஆகும். இன்று ஏற்றி வைத்தால் ரப்பர் படிந்தபின் மூடி கடகடக்கும், தண்ணீரும் இறங்கும். பீடிங்கை ஒட்டும்போது இழுத்து ஒட்டக் கூடாது. சுற்றளவுக்கு மேல் 10 முதல் 15 மிமீ அதிகமாக வெட்டி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்துங்கள். ரப்பர் சுருங்கினாலும் இணைப்பில் வாய் பிளக்காது.

மூடி தானாக மேலே நிற்பதில்லை. அல்லது மிக வேகமாக மேலே துள்ளுகிறது.

மூடியைத் தூக்குவது இரண்டு டார்ஷன் ராடுகள். கீல்களுக்கு இடையே குறுக்காகப் போகும் எஃகுக் கம்பிகள் அவை. முறுக்கப்பட்ட நிலையில், முனைகள் தாங்கியின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். அடுத்த பள்ளத்துக்கு மாற்றினால் இழுவை கூடும் அல்லது குறையும். மூடியின் மேல் லக்கேஜ் ரேக்கோ ஸ்பாய்லரோ பொருத்தியவர்கள் ஒரு பள்ளம் கூட்ட வேண்டியிருக்கும். ஃபைபர் மூடிக்கு மாறியவர்கள் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் லேசான மூடி துள்ளி எழுந்து கீலை வளைத்துவிடும்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். ராடு கையை விட்டு நழுவினால் விரல் எலும்பை முறிக்கும் வேகத்தில் திரும்பும். ஒருவர் மூடியை முழுவதும் திறந்த நிலையில் பிடித்திருக்க, மற்றவர் ராடு முனையில் இறுக்கமாகப் பொருந்தும் குழாய் அல்லது அதற்கென்றே விற்கும் நெம்புகருவியால் மெல்ல நகர்த்த வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை கட்டாயம். முகத்தை ராடு திரும்பும் பாதையில் கொண்டுபோகாதீர்கள். சாதாரண பிளையரால் பிடித்துச் செய்வது ஆபத்து.

டிக்கிச் சாவி தொலைந்துவிட்டது. பூட்டை உடைக்க வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கால ஃபோர்டு கார்களுக்கு இரண்டு சாவிகள். ஒன்று இக்னிஷனுக்கும் கதவுகளுக்கும், மற்றொன்று டிக்கிக்கும், பூட்டு உள்ள கார்களில் கிளவ் பாக்ஸுக்கும். உங்கள் காரின் கிளவ் பாக்ஸில் சாவித் துளை இருந்து, அந்தப் பூட்டு இடையில் மாற்றப்படாமலும் இருந்தால், அதைக் கழற்றிப் பூட்டுக்காரரிடம் கொடுங்கள். அதன் பின்களை அளந்து டிக்கிச் சாவியை வெட்டித் தர முடியும்.

தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுக்காதீர்கள், தேய்மானமும் நகலாகிவிடும். பின் உயரத்தை அளந்து அசல் அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். 1965 முதல் ஃபோர்டு சாவிகளில் வெட்டு இருபுறமும் இருக்கும், எந்தப் பக்கம் வைத்தும் நுழைக்கலாம். ஒரு பக்கம் போட்டால் திறந்து மறுபக்கம் போட்டால் திறக்கவில்லை என்றால் தேய்ந்தது சாவிதான், சிலிண்டர் நன்றாக இருக்கிறது.

சாவியும் இல்லை, பூட்டும் வேலை செய்யவில்லை. உள்ளே எப்படிப் போவது?

பின் சீட் வழியாக. கூப்பே (இரண்டு கதவு, தனி டிக்கி) மாடலில் பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே முழு இரும்புத் தடுப்பு கிடையாது, அட்டைதான் இருக்கிறது. சீட்டின் உட்காரும் பகுதியை முன்விளிம்பில் முழங்காலால் பின்னோக்கி அழுத்தித் தூக்கினால் தரைக் கொக்கியிலிருந்து விடுபடும். சாயும் பகுதியின் கீழ் மூலைகளில் உள்ள திருகுகளைக் கழற்றி மேல்நோக்கித் தூக்கினால் அதுவும் வந்துவிடும். பிறகு அட்டையை மடக்காமல் எடுங்கள்.

லாட்ச் அங்கிருந்து கை எட்டும் தூரத்தில் இல்லை. ஒல்லியான ஒருவர் டார்ச்சோடு உள்ளே நுழைய வேண்டும், அல்லது நீளமான கம்பியின் நுனியில் ஸ்க்ரூடிரைவரைக் கட்டி நீட்ட வேண்டும். லாட்சில் தண்டு நுழையும் பிளவைத் திருப்பினால் திறக்கும். அது நகராவிட்டால் லாட்ச் போல்ட்களையே கழற்றுங்கள். வெளியே ஒருவர் மூடியை அழுத்திப் பிடித்திருந்தால் போல்ட் மேல் உள்ள இழுப்பு குறையும். பின் சீட் மடங்கும் ஃபாஸ்ட்பேக்கில் (கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும் மாடல்) சீட்டுக்குப் பின்னால் டிக்கிக்கு ஒரு சிறு கதவு இருப்பதால் வேலை இன்னும் எளிது.

டெயில் லைட்டைக் கழற்றி உள்ளே கைவிடலாமா என்று கேட்பார்கள். அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் டிக்கிக்குள்ளேதான் இருக்கின்றன.

தீப்பாதுகாப்புக்காகச் சிலர் அட்டைக்குப் பதில் இரும்புத் தகட்டுத் தடுப்பு போடுகிறார்கள். டேங்க் இருக்கும் இடத்தைப் பார்த்தால் நல்ல மாற்றம்தான், நாங்களும் பரிந்துரைக்கிறோம். ஆனால் அதோடு சீட் வழி அடைபட்டுவிடும். தகடு போடும் நாளிலேயே கீழே சொல்லும் அவசரக் கேபிளையும் போட்டுவிடுங்கள்.

சிலிண்டரைத் துளைப்பது எல்லாம் தோற்றபின் வரும் வழி. சாதாரண டிரில்லின் மோட்டார் உள்ளே பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் மூடி. காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, பெட்ரோல் மூடியை இறுக்கி, வாடை கொஞ்சமும் இல்லை என்று உறுதிசெய்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். காற்றழுத்த டிரில் கிடைத்தால் அதுவே மேல். முதலில் 3 மிமீ, பிறகு 6 மிமீ பிட். டிரில்லை மெல்ல அழுத்துங்கள், பிட் பாய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

அவசரக் கேபிள் எப்படிப் போடுவது?

சைக்கிள் பிரேக்கின் உள்கேபிளும் அதன் உறையும் போதும். கம்பி சுமார் 1.5 மிமீ. பின் பிரேக்குக்கான நீளமானதை வாங்குங்கள். ஒரு முனை லாட்சின் நெம்புகோலில், மறுமுனை பின் சீட்டுக்கு அடியில்.

அசல் லாட்சைத் திருப்புவது தண்டு, இழுக்கத் தோதான நெம்புகோல் அதில் இல்லை. ஒன்றைச் செய்து பொருத்த வேண்டும். 3 மிமீ எஃகுத் தகட்டில், திருப்பும் அச்சிலிருந்து 25 மிமீ தள்ளித் துளை போடுங்கள். முதலில் உங்கள் சாவி எத்தனை பாகை திரும்பினால் லாட்ச் விடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 25 மிமீ கையில் 20 மிமீ இழுத்தால் சுமார் 47 பாகை திரும்பும். அதற்கு மேல் தேவை என்றால் கையைக் குறைக்க வேண்டும், ஆனால் கை குறையக் குறைய இழுக்கும் விசை அதிகம் தேவைப்படும்.

துளை வட்டமாக இருக்கக் கூடாது, நீள்துளையாக இருக்க வேண்டும். காரணம் இதுதான்: சாவியும் கேபிளும் பிறகு வரப்போகும் சொலினாய்டும் (மின்காந்தத்தால் இழுக்கும் கருவி) ஒரே லாட்சை அசைக்கின்றன. வட்டத் துளையில் கட்டினால் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கேபிளும் சொலினாய்டும் சேர்ந்து அசையும். அவற்றில் ஒன்று இறுகினால் மூன்றுமே இறுகும். நீள்துளை இருந்தால் ஒன்று இழுக்கும்போது மற்றவை சும்மா நிற்கும். இரண்டாவது வழி என்பது முதல் வழி கெட்டாலும் கெடாததாக இருக்க வேண்டும், அதை உறுதிசெய்வது இந்த நீள்துளைதான்.

கேபிளில் 2–3 மிமீ தளர்ச்சி விடுங்கள். மூடி திறந்து மூடும்போது கீலுக்குப் பக்கத்தில் கேபிள் வளையும் ஆரம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. உறையைப் பிடிக்கும் கிளிப்புகளை மூடியின் உட்சட்டத்திலும் பக்கச் சுவரிலும் மட்டும் போடுங்கள்.

கிளவ் பாக்ஸில் பட்டன் வைத்து மின்சாரத்தில் திறக்க முடியுமா?

முடியும். இந்தக் காருக்கு மிகவும் விரும்பப்படும் மாற்றம் இதுதான், சாவித் துளையை அப்படியே விட்டுச் செய்தால் நல்ல மாற்றமும்கூட.

மின்னமைப்பு 12 வோல்ட், நெகட்டிவ் பாடியில். சொலினாய்டு எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்பதைப் பெட்டியில் அச்சிட்டதை வைத்து முடிவுசெய்யாமல், மீட்டரில் மின்தடையை அளந்து 12-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். 0.8 ஓம் என்றால் 15 ஆம்பியர். இதைச் சிறு பட்டன் வழியாக நேராக அனுப்பினால் பட்டனின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே தேவை, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்.

ரிலேயின் 30-ஆம் முனை ஃபியூஸ் வழியாக பேட்டரிக்கு, 87 சொலினாய்டுக்கு, 86 பட்டனுக்கு, 85 பாடிக்கு. ஃபியூஸ் 20 ஆம்பியர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பட்டன் அழுத்தும்வரை மட்டும் வேலை செய்யும் வகையாக இருக்கட்டும். இந்தச் சொலினாய்டுகள் ஒரு வினாடித் துடிப்புக்குச் செய்யப்பட்டவை, பட்டன் சிக்கிக்கொண்டால் கருகிவிடும்.

ஒயர் தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள், கேஜ் எண் கூடினால் ஒயர் மெல்லிசு. பேட்டரி முன்னால் வலப்பக்கம், டிக்கி பின்னால், ஒயர் ஓடும் தூரம் 6 மீட்டர் ஆகிவிடும். 0.8 ஓம் சொலினாய்டுக்கு 16 கேஜ் ஒயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 12 கேஜில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். மின்னோட்டம் சற்றுக் குறைந்தாலே சொலினாய்டின் இழுவை அதைவிட அதிகமாகக் குறையும். 'பெஞ்சில் வைத்தால் இழுக்கிறது, காரில் இழுக்கவில்லை' என்ற புகாருக்கு இரண்டே காரணம்: மெல்லிய ஒயர், அல்லது பெயின்ட் மேல் போட்ட எர்த். எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். மூடி பெயின்ட் பூசிய கீல்களில் நிற்பதால் அதற்கு எர்த் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. மூடியிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் போடுங்கள்.

ரிலேயை டிக்கிக்குள் வைக்காதீர்கள். தொடுமுனை பிரியும் ஒவ்வொரு முறையும் பொறி வரும். டேஷ்போர்டுக்குக் கீழே வையுங்கள். சொலினாய்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), 1என்5408 போதும், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும். மின்சாரம் நிற்கும்போது சுருள் கிளப்பும் மின்னழுத்தத்தை அது தணிக்கும், ரிலேயும் நீடித்து உழைக்கும். டயோடைத் திருப்பிப் போட்டால் பட்டனை அழுத்தியதும் ஃபியூஸ் போகும்.

ஒயரை டெயில் லைட் ஒயர்கட்டு போகும் பக்கமே, கதவுப் படியின் தகட்டுக்கு அடியில், கூரான விளிம்பு வரும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போட்டு இழுங்கள்.

சொலினாய்டு 'டக்' என்கிறது, மூடி எழவில்லை.

லாட்ச் விட்டுவிட்டது, மூடியைத் தள்ள ஆள் இல்லை. டார்ஷன் ராடு வலுவிழந்தோ பீடிங் அமுங்கியோ இருந்தால், மூடி அசையாமல் நின்று கொக்கி திரும்பவும் கவ்விக்கொள்கிறது. லாட்சுக்கு இருபுறமும் ஸ்பிரிங் வைத்த ரப்பர் முளைகளைப் பொருத்துங்கள். மூடி 20 மிமீ எழுந்தால் போதும்.

ரிமோட் சாவி வைத்தால் பேட்டரி இறங்குமா?

இறங்கும். ரிசீவர் எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். 10 மில்லியம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.24, மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி. பனிக்காலத்தில் நான்கு மாதம் நிறுத்தி வைத்தால் கிட்டத்தட்ட 29 போய்விடும். நிறுத்தி வைக்கும் காருக்கு ரிசீவரின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள்.

சாவித் துளையை மூடி மழமழவென்று செய்யலாமா?

அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மூடியின் தகட்டை வெல்டு வைத்து அடைத்தால் திருப்பிக் கொண்டுவருவது கடினம், அதோடு இயந்திர வழியும் போய்விடும். எடையைப் பின்னால் நகர்த்த பேட்டரியை டிக்கிக்குள் மாற்றியவர்கள் இதைச் செய்யவே கூடாது. பேட்டரி இறங்கினால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது.

செய்தே தீருவேன் என்பவர்கள் இரண்டு தனித்தனி வழிகளை வையுங்கள். ஒன்று மேலே சொன்ன கேபிள். மற்றொன்று, சொலினாய்டின் பாசிட்டிவிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸோடு ஓர் ஒயரை பம்பருக்குப் பின்னால் மறைவாகக் கொண்டுவந்து முனையை மூடி வைப்பது. யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாசிட்டிவை அதில் தொட்டு, நெகட்டிவை எர்த் நன்றாக உள்ள பாடி போல்ட்டில் வைத்தால் திறந்துவிடும்.

உள்ளே இருந்து திறக்கும் கைப்பிடி இந்தப் பழைய காருக்குத் தேவையா?

சட்டப்படி தேவையில்லை. அமெரிக்காவின் மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரநிலை எண் 401, டிக்கிக்குள் மாட்டிக்கொண்டவர் வெளியேற வழி இருக்க வேண்டும் என்று 2001 செப்டம்பர் 1 முதல் தயாராகும் கார்களுக்கு மட்டுமே சொல்கிறது. அந்த விதிக்குப் பின்னால் 1998 கோடைக்காலம் இருக்கிறது. அந்த ஜூலை, ஆகஸ்ட்டில் மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் மாட்டி இறந்தார்கள். விளையாட்டாக உள்ளே ஏறி, மூடி விழுந்து பூட்டிக்கொண்ட குழந்தைகள்.

ஆகவே வீட்டில் குழந்தைகள் இருந்தால் தேவை என்று உறுதியாகச் சொல்கிறோம். இருட்டில் ஒளிரும் டி வடிவக் கைப்பிடிகள் தனியாகக் கிடைக்கின்றன. அதே 25 மிமீ நெம்புகோலில், இன்னொரு நீள்துளையில், ஒரு சாண் நீளக் கேபிளால் கட்டுங்கள். கைப்பிடி லாட்சுக்குப் பக்கத்தில், மூடியின் உட்பக்கம் தொங்கட்டும். பாய்க்கோ பெட்டிக்கோ பின்னால் மறையக் கூடாது. ஒளிரும் பிளாஸ்டிக் வெளிச்சத்தை வாங்கித்தான் ஒளிரும் என்பதால், டிக்கியைச் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு, இருட்டில் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று பாருங்கள். இழுக்கத் தேவையான விசையைச் சாமான் தூக்கும் ஸ்பிரிங் தராசால் அளவிடுங்கள். சிறு குழந்தையின் ஒரு கை இழுக்கும் அளவுக்குள், 2–3 கிலோவுக்குள், இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் லாட்சைத் திரும்பக் கழற்றி, கழுவி, கிரீஸ் போட்டு, ஸ்ட்ரைக்கரை அரை மில்லிமீட்டர் ஏற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.